கித்தான் சீட்டு

ஊர்ல அதுக்கு வெட்டுக்கிளின்னு பேரு. முன்சக்கரம் ஒரு கெஜம் முன்னால போய் நிக்கும். ஹேண்டில்பார் என் தோள் உயரத்துக்கு வரும். சீட்டு மட்டும் கீழ பதுங்கியிருக்கும். இப்ப என் பேரன் அதோட போட்டோவப் பாத்துட்டு, "தாத்தா, இதுக்குப் பேரு சாப்பர்"ங்கறான். இன்னா பேரா இருந்தா இன்னா, அறுபதுகள்ல செஞ்சியில அந்த மாதிரி வண்டி அது ஒண்ணுதான். பட்டாளத்துல கழிச்சுவிட்ட மோட்டார் சைக்கிள ஏலத்துல எடுத்துக்கினு வந்து, பழைய பேப்பர் கடையில கெடச்ச ஒரு வெள்ளக்காரப் புத்தகத்துல படம் பாத்து, நானே அறுத்து, நீட்டி, விழுப்புரத்துல வெல்டிங் வெச்சு செஞ்சது.

நான் ஆயில் இஞ்சின் மெக்கானிக். ஊரு ஊராப் போய் கெணத்து இஞ்சினு ரிப்பேர் பாக்கறவன். நான் வர்றதுக்கு முன்னாடி என் வண்டி சத்தம் வந்துடும். அடடா, அந்தச் சத்தம்! கோட்டை இருக்கிற ராஜகிரி அடிவாரத்துல போறப்ப மலையில மோதித் திரும்பி வரும், பாரு, எனக்கு நெஞ்சே ஒரு சுத்து பெருத்துடும். இன்னிக்கும் நெனச்சா காதுல கேக்குது.

கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரி முழுகாம இருந்தா. மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டுதல். அமாவாசைக் கூட்டத்துல பஸ்ஸுல நசுங்குவானேன்னு நான்தான் வண்டியில கூட்டிக்கினு போனேன். காலையில திரும்பி வர்றப்ப எதுர்ல ஒரு மாட்டு வண்டி. முன்பக்கம் அவ்ளோ நீளமா இருக்கிற வண்டிய சடார்னு ஒடிக்க முடியுமா? நேரா நெல்லு வயல்ல போய் எறங்கிடுச்சு. நல்ல வேளை, சேறு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. நான் எழுந்து நின்னு, விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல. வயித்தப் புடிச்சுக்கினு சேத்துல நின்னா.

மறுநாள் காலையில துணிய மூட்ட கட்டினா. "அந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அது போற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு பனமலைக்கு, அவங்க அம்மா வூட்டுக்கு பஸ் ஏறிட்டா.

போனா போகட்டும், பத்து நாள்ல வந்துடுவான்னு இருந்தேன். வரல. நேர்ல போய்க் கூப்புட்டேன். மாமியாரு மோரு குடுத்தாங்க, அவ உள்ள இருந்து வெளியவே வரல. திரும்பி வந்து இருட்டு வூட்ல வெளக்கு ஏத்தறப்ப எனக்கு அழுக வந்துச்சு. பொறக்கப் போற புள்ள மூஞ்சியக்கூட மாமியார் வூட்டு வாசல்ல நின்னுதான் பாக்கணுமா? சரி, வித்துடுவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

வெட்டுக்கிளிய எவன் வாங்குவான்? பாக்க வந்தவனுங்கள்லாம் ஒருவாட்டி ஏறி உக்காந்து போட்டோவுக்குக் குடுக்கற மாதிரி போஸ் குடுத்துட்டுப் போனானுங்க. ரைஸ்மில்லுக்காரரு ஒருத்தரு, "இஞ்சின மட்டும் கழட்டிக் குடுப்பா, தண்ணி எறைக்கலாம்"னாரு. "மொதல்ல எடத்தக் காலி பண்ணுங்க"ன்னேன். அவரு என்கிட்ட இஞ்சின் ரிப்பேருக்கு வர்றவரு. அதோட அந்த வருமானமும் போச்சு.

கடைசியா வந்தாரு ஒரு நயினாரு. எங்க பக்கத்துச் சமணக் குடும்பங்கள அப்படித்தான் சொல்லுவோம். மல்லாட்ட, அதான் வேர்க்கடல வெவசாயம், நல்லா வெளையற பூமி, என் வயசுதான். வண்டிய சுத்திச் சுத்தி வந்தாரு. பெட்ரோல் டேங்க்கத் தடவினாரு. அவரு கண்ணப் பாத்ததுமே, இந்த ஆளுக்கும் என் பைத்தியம் புடிச்சிருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. வெல பேசி முடிஞ்சுது. ஏறப் போனவரு நின்னுட்டாரு.

"இது இன்னா, மாட்டுத் தோலா?"

ஜட்கா வண்டிக்குச் சேணம் தைக்கறவரு தெச்சுக் குடுத்த சீட்டு. மாட்டுத் தோல்தான். பக்கத்துல நின்ன கூட்டாளி, ரெக்சின்னு சொல்லுன்னு கண்ணக் காட்டினான். அவங்க உசுரக் கொன்னு எடுத்தத தொடாதவங்க. எனக்கு மனசு வரல. "ஆமாங்க"ன்னேன்.

"அப்ப சீட்ட மாத்திக் குடுங்க. வண்டி என்னுது."

மாத்தறது லேசுப்பட்ட வேலையா? அந்த வளைவுக்கு எந்தக் கடையிலயும் சீட்டு கெடைக்காது. தோலுக்குப் பதிலா கூடாரம் அடிக்கிற முரட்டுக் கித்தான் துணி வாங்கினேன். பஜார் டெய்லருங்க, மெஷின் ஊசி ஒடிஞ்சுடும்னு கைய விரிச்சுட்டாங்க. கித்தான் துணிய கையால தெக்க எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆளுதான். மல்லாட்ட மூட்டைக்கு கோணி ஊசி புடிச்சே வளந்தவ.

தோல் சீட்ட கழட்டி வெச்சுட்டு, ஸ்பிரிங்கு மேல சாக்க மடிச்சுப் போட்டு உக்காந்து பனமலைக்குப் போனேன். சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடியாந்தா.

"அய்ய! இந்தச் சனியன எங்கம்மா வூட்டுக்கே ஓட்டிக்கினு வந்துட்டீங்களா?"

"விக்கத்தாண்டி. வாங்கறவரு தோலுல உக்கார மாட்டாராம். நீதான் சீட்டு தெச்சுத் தரணும்."

ஸ்பிரிங்கு மேல கெடந்த சாக்கத் தூக்கிப் பாத்தா. அப்புறம் உள்ள போய் கோணி ஊசி எடுத்துக்கினு வந்தா.

அடியில தேங்கா நாரு, மேல இலவம்பஞ்சு. சாயங்காலம் வரைக்கும் குனிஞ்ச தல நிமிரல. நான் துணிய இழுத்துப் புடிச்சேன். பாத்தா, பின்னாடி பாதிக்கு பஞ்சா அடைச்சுக்கினே இருக்கறா. முன்னாடி மெலிசு, பின்னாடி மெத்த மாதிரி.

"ஓட்டறவரு முன்னாலதான உக்காருவாரு? பின்னால எதுக்கு இவ்ளோ?"

ஊசியப் பல்லால கடிச்சு இழுத்துட்டு சொன்னா: "அவருக்கும் பொஞ்சாதின்னு ஒருத்தி இருப்பா இல்ல?"

நான் இன்னொரு கை பஞ்ச எடுத்துக் குடுத்தேன்.

மறுநாள், நான் சொல்லி அனுப்பினபடி நயினாரு பனமலைக்கே வந்து சீட்டத் தட்டிப் பாத்தாரு, சிரிச்சாரு, ஒரே உதையில கெளப்பினாரு. ஏரிக்கரை மேல என் வண்டி போச்சு. சத்தம் தேயற வரைக்கும் நின்னேன். கண்ணுல தண்ணி முட்டிக்கினு வந்துச்சு, நான் மறைக்கல. அவ பாத்தா. "பஸ்ஸு வர்ற நேரம், வாங்க"ன்னு துணி மூட்டைய என் கையில குடுத்தா.

பஸ்ஸுல கூட்டம். டிரைவருக்குப் பின்னால, பக்கவாட்டா போட்டிருந்த பொம்பளைங்க சீட்டுல அவளுக்கு எடம் கெடச்சுது. நான் நடுவுல கம்பியப் புடிச்சுக்கினு நின்னேன். அவ மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. ரோடா அது? ஒரு பள்ளத்துல தூக்கிப் போட்டதும் ஒரு கை வயித்துக்குப் போச்சு, இன்னொரு கை ஜன்னல் கம்பிய இறுக்குச்சு. கண்ண மூடிக்கினு, உதட்டக் கடிச்சுக்கினு, அடுத்த பள்ளத்துக்கு இப்பவே பயந்துக்கினு ஒரு மூஞ்சி. இந்த ரோட்ல இவள ஏத்திக்கினு எத்தன வாட்டி பறந்திருப்பேன்! அப்பல்லாம் இந்த மூஞ்சி என் முதுகுக்குப் பின்னால இருந்திருக்குது.

"டிரைவரண்ணே, மெதுவாப் போங்கண்ணே! முழுகாத பொம்பள இருக்கறா!"

நான் போட்ட கூச்சல்ல பஸ்ஸு மொத்தமும் திரும்பிப் பாத்துது. அவளும் கண்ணத் தொறந்து பாத்தா.