காப்புக் கட்டிய செல்லையா

ரங்கூன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய செல்லையாவுக்கு வாய் நீளம். அன்னதானச் சோறு வேகவில்லை என்று தர்மகர்த்தாவின் முகத்துக்கு நேரே சொன்னவன். கோயில் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் எனக்கும் அவனுக்கும் அவ்வளவாக ஆகாது. ஆனால் தொழிலில் குறை சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய பெட்டியையும் முட்டையை வைப்பதுபோல் இறக்குவான். மூட்டை சுமக்க வந்த குடும்பத்தில் கிரேன்மேல் ஏறிய முதல் ஆள் அவன்தான்.

2021 பிப்ரவரியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும், அதை எதிர்த்து அவன் கிரேனை விட்டு இறங்கினான். அவனைப் பார்த்து அறுபது பேர் வேலையை விட்டார்கள். கப்பல்கள் ஆற்றில் காத்துக் கிடந்தன. அதிகாரிகள் புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. இதே ரங்கூன் துறையில் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வெள்ளைக்காரன் என்ன செய்தானோ அதையே செய்தார்கள். வேறு ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன சட்டத்தையே தூசி தட்டி, முன்னால் நின்றவர்களைப் பிடிக்கப் பட்டியல் போட்டார்கள். சுதந்திரம் வந்ததாம், மண்ணாங்கட்டி.

செல்லையா குடும்பத்தோடு நகரத்துக்குள்ளேயே தின்கன்ஜூனில் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். பங்குனி வந்ததும் மாரியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். இருபது வருஷமாக ஒருமுறைகூட விட்டதில்லை. காப்புக் கட்டியவன் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு இங்கே எல்லை ஆறுதான்.

ஐந்தாம் நாள், பட்டியலில் அவன் பேரும் இருக்கிறது என்று சேதி வந்தது. அவன் மனைவி சத்யபாமா அன்றைக்கே அக்கரையில், த்வாண்டேயில் பானை செய்கிற சிநேகிதி வீட்டில் இடம் கேட்டு, சாயங்காலத்துக்குப் படகும் பேசிவிட்டாள். அவன் அசையவில்லை. அவள் அவனைக் கோயில் ஆபீசுக்கே இழுத்து வந்தாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. கோயில்காரங்க நீங்க சொன்னா கேப்பாரு."

"இன்னும் அஞ்சு நாளுதாண்ணே. பூக்குழி எறங்கிட்டு நானே படகேறிப் போறேன்" என்றான் அவன்.

திருவிழா அன்று காலையிலேயே நின்றுபோயிருந்தது. அது தர்மகர்த்தாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வட்டார அலுவலகத்திலிருந்து வந்த ஆள், கூட்டம் கூடாது என்று உத்தரவைக் கொடுத்தான். இரண்டு நாளைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம், காப்புக் கட்டியவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றான். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. காப்புக் கட்டியவர்களின் பேரும் விலாசமும் நான் எழுதி வைத்திருந்தேன். அதையும் பிரதி எடுத்து வாங்கிப் போனான். தர்மகர்த்தா அவனைக் கும்பிட்டு வழியனுப்பினார். நானும் கும்பிட்டேன்.

திருவிழா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசாரி காப்பை அவிழ்த்திருப்பார். செல்லையா படகேறியிருப்பான். எனக்கு என் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். பயந்தாங்கொள்ளி நான்.

"சாமி காரியம். நான் என்னத்தச் சொல்ல" என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் மச்சான் வீட்டு வாசலில் அவனைப் பிடித்தார்கள். அதற்கு அடுத்த நாள், திருவிழா ரத்து என்று ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன். அவனுக்கு மூன்று வருஷம் போட்டார்கள்.

வெளியே வந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இனி கிரேன் இல்லை. வந்த மறுநாளே ஆபீசுக்கு வந்து என் எதிரில் நின்றான். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுல எல்லாரும் சாமிய விட்டுட்டு ஓடச் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே சொல்லல. உள்ள இருந்தப்ப அத நெனச்சுக்குவேன்."

செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.