எலிசபெத் போடாத கையெழுத்து

பாளையங்கோட்டையில் ஓர் அரசு ஊழியர் குடியிருப்பு. அங்கே மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புகிற வேலை எலிசபெத்துடையது. புருஷன் பார்த்த வேலை. அவன் செத்த பிறகு தினக்கூலியாக அவளுக்கு வந்தது. கோடையில் ஆறு வற்றிக் குழாய்கள் காற்றை ஊதும் நாட்களில் மாடிவீட்டுக்காரர்களுக்கும் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் சண்டை மூளும். எலிசபெத் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் ஏசி அனுப்புவாள்.

தொண்ணூற்று மூன்றில் புது ஏற்பாடு வந்தது. அதுவரை தண்ணீர், கூட்டுதல், காவல், தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் பொதுப்பணித் துறையே ஆள் வைத்திருந்தது. இனி ஊரிலுள்ள அரசுக் கட்டிடங்களின் பராமரிப்பு மொத்தமும் ஒரே ஒப்பந்தமாக மதுரைக்காரர் ஒருவருக்குப் போகிறதாம். அவருடைய மேற்பார்வையாளர் தில்லைநாயகம் வேலையாட்களை சைக்கிள் கொட்டகையில் கூட்டி, ஆளுக்கொரு தாளை நீட்டினார்.

"துறையை விட்டு விருப்பப்பட்டு விலகுறோம்னு ஒரு கையெழுத்து. நாளையிலேர்ந்து இதே வேலையை எங்க ஆளாப் பார்ப்பீங்க. அவ்வளவுதான்."

காவல்காரர் தேவதாசன் முதலில் போட்டார். பின்னாலேயே மற்றவர்களும் போட்டார்கள். எலிசபெத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"விருப்பப்பட்டுன்னு இருக்கு. எனக்கு விருப்பம் இல்லியே?"

"அது சும்மா சம்பிரதாயம்மா."

"சும்மான்னா அந்த வார்த்தையை அடிச்சிருங்க. அவ விருப்பமில்லாம அனுப்புதோம்னு எழுதுங்க, இப்பமே போடுதேன்."

தில்லைநாயகம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"மைனி, முரண்டு பிடிக்காதீக. ஜெசி படிப்பை நெனைச்சுப் பாருங்க," என்று தேவதாசன் பைய அவள் காதில் சொன்னார்.

"எம்மகளை நெனைச்சுத்தான் சொல்லுதேன். நானாப் போகல, வெரட்டுனாகன்னாவது அவகிட்ட சொல்லணும்லா."

மறுநாள் மோட்டார் அறையில் புதுப் பூட்டு தொங்கியது. எலிசபெத் அதன் முன்னால் போய் நின்றாள். உதவிப் பொறியாளர் சிவசங்கரன் வந்தார். நல்ல மனிதர், அதனாலேயே சங்கடப்பட்டார்.

"மேலிடத்து உத்தரவும்மா. என் கையில என்ன இருக்கு?"

"உங்க மேல கோவம் இல்ல சார். நான் வேலைக்கு வந்துட்டேன். வேலை இல்லன்னு நீங்கதான் சொல்லுதீக. அதை எழுதித் தந்திருங்க."

அவர் எழுதித் தரவில்லை. அவளும் வருவதை நிறுத்தவில்லை. தினமும் தூக்குச்சட்டியோடு வந்து வாசலில் நின்றாள். மோட்டார் அறையை ஒட்டிய கீழ்வீட்டு ஜமீலா பீவி தன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார். அதை எடுக்கச் சொன்ன தில்லைநாயகத்திடம், "எங்க வீட்டு நாற்காலி, எங்க வீட்டு வாசல். நீங்க யாரு?" என்றார்.

ஒரு சங்கத்துக்காரர் உதவியோடு எலிசபெத் வழக்குப் போட்டாள். பிழைப்புக்கு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பீடி சுற்றினாள். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு நடந்தாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஒப்பந்தக்காரர் குறைந்த கூலிக்கு வெளியூர் ஆட்களை இறக்கிப் பழையவர்களை நிறுத்திவிட்டார். துறையில் போய்க் கேட்டதற்கு, "விருப்பப்பட்டுத்தானே விலகினீங்க?" என்றார்கள். தேவதாசன் எலிசபெத் வீட்டு வாசலில் வந்து நின்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் குத்திக்காட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"அழுதா ஆச்சா வே? கோர்ட்டுக்கு வாரும். எப்படிக் கையெழுத்து வாங்குனாகன்னு சொல்லும்."

தேவதாசன் போய்ச் சொன்னார். அப்படியும் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தொண்ணூற்றெட்டில், அவளைத் துறை திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எடுத்துக்கொண்டார்கள், ஆனால் களக்காட்டில் ஒரு பயணியர் விடுதிக்கு. வேண்டுமென்றே தூரத்தில் தள்ளிவிட்டார்கள் என்று ஊரே பேசியது.

"களக்காடு என்ன, கடலுக்கு அங்கிட்டா இருக்கு? பஸ் போகுதுல்லா," என்றாள் எலிசபெத்.

கையெழுத்துப் போட்ட யாருக்கும் வேலை திரும்பவில்லை. அது மட்டும் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்வாள்.

களக்காட்டில் முதல் வாரமே ஓர் அதிகாரியின் டிரைவர் ஜீப்பைக் கழுவச் சொன்னான். எலிசபெத் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாளி அங்கன இருக்கு, குழாய்ல தண்ணியும் வருது," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.