மூன்று மணிக்குப் பிறகு பிரெஞ்சு இல்லை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மொன்றியலில் பிரெஞ்சு படிக்க என்னை ஒருவரும் அனுப்பவில்லை. சென்ட் லோரன்ட் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தரை கழுவிக்கொண்டு, மேற்பார்வையாளன் ஏசுகிற ஏச்சைக் கேட்டுக் கேட்டுப் பிடித்த பிரெஞ்சு என்னுடையது. அதே பிரெஞ்சை வைத்துப் பிறகு நாற்பது பேரிடம் வேலை வாங்கினேன். பட்டம் பெற்றவர்கள்கூட வங்கியில் கதைப்பதற்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன மாரிக் குளிரில் பாரிசவாதம் வந்தது. கை திரும்பியது, கால் திரும்பியது, வாய்க் கோணலும் நிமிர்ந்தது. தென்பு மட்டும் திரும்பவில்லை. குளித்தால் களைப்பு. சோறு சப்பினால் களைப்பு. படுத்து எழும்பினாலும் போகாத களைப்பு. தரை கழுவும் மெசினில் தண்ணீர் முடிந்த பிறகு தூரிகை சும்மா சுற்றுமே, அப்படி. மத்தியானத்துக்கு மேல் ஆங்கிலம் தடக்கும். மூன்று மணிக்குப் பிரெஞ்சு முழுதாகப் போய்விடும். தமிழ் மட்டும் நொண்டி நொண்டி வரும்.

என் மகனின் மகள் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வருவாள். எட்டு வயது. எல்லாரும் ஒரே வீடு, நான் வாங்கிய வீடு. அவளுக்குத் தமிழில் "அப்பப்பா", "வேண்டாம்" இரண்டும்தான் தெரியும். மீதி பிரெஞ்சு. அது என் மகனின் கெட்டித்தனம். முன்பெல்லாம் வகுப்புச் சண்டை முழுவதையும் என்னிடம்தான் வந்து கொட்டுவாள். இப்போது அவள் கேட்பாள், நான் முழிப்பேன். அப்பப்பாவுக்குத் தன்னோடு கோபம் என்று தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு என் அறைக்கு வருவதில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே மேலே போய்விடுவாள்.

மறுவாழ்வு நிலையத்துப் பெண் வழி சொன்னாள்: களைக்க முன்னம் படுங்கள், பேச்சை மிச்சம் பிடியுங்கள். மத்தியானம் தொடக்கம் வாய் திறக்காமல் கிடந்தால் நாலு மணிக்குக் கொஞ்சம் பிரெஞ்சு மிஞ்சுமாம். கிடக்க விட்டால்தானே! நோயில் கிடப்பவனிடம் வருத்தம் பார்க்க வருவது எங்கள் சனத்துக்குக் கடமை. ஒரு பெட்டி திராட்சைப் பழத்தை வைத்துவிட்டு மூன்று மணித்தியாலம் இருப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஒரு மணிக்கு மனைவியின் தமையன் வந்தார்.

"மச்சான், ஆள் சோக்காத்தானே இருக்கிறியள்? மாப்பிள்ளை மாதிரி!"

"களைப்பு" என்றேன்.

"களைப்போ? அப்ப எனக்கில்லையோ? அறுபது தாண்டினா ஆருக்குத்தான் களைப்பில்லை? எழும்பி நடவுங்கோ."

பிறகு தன் முழங்கால், ரொறன்ரோவில் மகன் வாங்கிய வீடு, கோயில் தலைவர் தெரிவு. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மனைவி இரண்டாவது தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். மூன்று மணியாகிறது. அப்போதுதான் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நாப்பது பேரை மேய்ச்ச மனுசன் இப்ப பட்டப்பகல்லை படுக்கிறாராம். சொகுசு பழகிப்போச்சுது, என்ன?"

அவரை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"எழும்பு. வெளியிலை போ! இவ்வளவு காலமும் நான் படுக்கேல்லை. இப்ப படுக்கிறன். உனக்கென்ன? போ!"

சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்.

"இஞ்சருங்கோ, அது என்ரை அண்ணை! சனம் என்ன கதைக்கும்?" என்று மனைவி அழுதாள்.

"கதைக்கட்டும். அவையளுக்குக் களைப்பில்லைத்தானே."

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாலு மணிக்குக் கதவு திறந்தது. பேத்தி அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு நின்றாள். பிரெஞ்சில் "வா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு சொல்கூட வரவில்லை. இருந்ததையெல்லாம் அந்த மனிதனுக்குக் கத்தியே முடித்துவிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள், போய்விட்டாள். அழுதேன் என்று எழுதினால் பொய். சுவரில் குத்தினேன். குத்தவும் பலமில்லை.

அடுத்த நாள் மத்தியானமே அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தேன். இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது.

"அண்ணை வந்து நிக்கிறார். பிழை விட்டிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்" என்று மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் கெஞ்சினாள்.

பிழையாம்! வாய்க்குள் வந்த பதிலை அப்படியே விழுங்கினேன். இரண்டு பேருக்கும் அன்று ஒரு வார்த்தையும் கிடையாது. அது வேறொருத்திக்கு வைத்தது.

நாலு மணிக்கு மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று படி ஏறிவிட்டவளிடம் பிரெஞ்சில் சொன்னேன்: "உன்னோடு கோபமில்லை. என் தலை களைத்துப்போகிறது."

அவள் திரும்பினாள். "அப்படியென்றால் யாரோடு கோபம்?"

சொல்லப் போனால் அரை நாள் வேண்டும். மிச்சம் இருந்தது ஒரு சொல்தான்.

"எல்லாரோடும்."

தலையாட்டினாள். பெரிய மனுசி மாதிரி அந்தப் படியிலேயே உட்கார்ந்து, வகுப்பில் தனக்கு யார் யாரோடு கோபம் என்று விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினாள். கேட்பதும் களைப்புத்தான். நானும் கீழ்ப்படியில் குந்திவிட்டேன்.