கேதாரத்துக்கு நிறுவை

யாத்திரை கூட்டிப்போகிற தொழிலில், இதுவரை என்மேல் குறை சொல்லாதவர் சாமி ஒருவர்தான். ஒரு வேன் நிறையச் சனத்தைக் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போய், போன தலையும் வந்த தலையும் சரியா என்று வேர்க்க வேர்க்க எண்ணியவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். எனக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, வெளியே ஒரு பலகை. இலங்கையில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த அந்தச் சில வருஷங்களில், இமயமலையில் கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடக்க முடியாதவர்களைப் பறக்கவைத்துக் கூட்டிப்போவதாகப் பலகையில் எழுதினேன். ஹெலிகாப்டரை நானே ஒருமுறை ஓட்டியிருக்கிறேன் என்றும் வாயால் சொன்னேன். நம்பி வந்தவர்கள் மூன்று பேர்.

பக்கத்து ஆசனம்

ஒருவர் செல்லையா கணக்கப்பிள்ளை. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து நிறுத்தே தலை நரைத்தவர். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, பெண்கள் கொண்டுவந்த கொழுந்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே இருப்பார். வெயில் கல்லைப் பிளக்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார். ஆள் நல்ல கனம். கழித்ததெல்லாம் எங்கே போனது என்று பார்த்தாலே தெரியும்.

அவர் வந்த நேரம் என் பெஞ்சில் ராமாயி உட்கார்ந்திருந்தாள். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்து அவரிடம் நிறுவைக்குக் கொடுத்தவள், ஓய்வு பெற்றுவிட்டாள். கணக்கப்பிள்ளை வாசலைத் தாண்டவில்லை. என்னைக் கைகாட்டி வெளியே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: “சாமிகிட்டப் போறப்ப எல்லாரும் ஒண்ணுதான், ஏஜண்டு. ஆனா ஹெலிகாப்டர்ல அவளை எனக்குப் பக்கத்துல ஒக்கார வெச்சிடாதீங்க.”

அரிசி

ராமாயியின் மகன் யோகராஜ் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். சண்டை உச்சத்தில் இருந்த காலம். அடையாள அட்டை கேட்டவர்கள் அட்டையோடு ஆளையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். ராமாயி பொலிசுக்குப் போனாள், முகாம்களுக்குப் போனாள். எல்லா இடத்திலும் சிங்களத்தில், மரியாதையாக, இங்கே இல்லை என்றார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனம் காரியம் செய்துவிடச் சொன்னது. வருஷக் கணக்காக மாட்டேன் என்றாள். உடம்பு கிடைக்காதவர்களுக்குக் கேதாரத்தில் பிண்டம் வைக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்ன பிறகு, என்ன நினைத்தாளோ, ஓய்வுக்குக் கிடைத்த சேமலாபப் பணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.

கூடவே துணியில் முடிந்த ஒரு சுண்டு அரிசியையும் மேசைமேல் வைத்தாள். “அங்கே அரிசி கிடைக்காதா அக்கா, இதையும் தூக்கிக்கிட்டா போகணும்?” என்றேன், சிரிக்கவைக்கலாம் என்று. அவள் முடிச்சை இறுக்கினாள். “இது நம்ம வீட்டு அரிசி, தம்பி. வேற அரிசியில வெச்சா, தனக்குத்தான்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

கீழ்க்கடைத் தராசு

ஹெலிகாப்டர்க்காரர்கள் ஒவ்வொருவருடைய எடையையும் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். கீழே பலசரக்குக் கடையில் மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. கணக்கப்பிள்ளை ஏறினார், அது முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் முனகியது. ராமாயி ஏறினாள், முள் அசைந்ததா என்று நான் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

“பத்துமாங்க?” என்றாள். பயந்துபோயிருந்தாள். ஆள் எவ்வளவு குறைந்த எடையோ அவ்வளவு நல்லது என்று விளக்கினேன். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அன்றைக்கு அரைச் சம்பளம். அப்படி வாழ்ந்தவளுக்கு நான் சொன்னது என் மற்றப் புளுகுகளோடு சேர்ந்துவிட்டது. “கொறைஞ்சா நல்லதுன்னு சொல்ற தராசு ஒலகத்துல எங்கயாச்சும் இருக்கா, தம்பி?”

மாஸ்டர் படுத்த இடம்

மூன்றாவது ஆள் சிவபாதம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் கணக்குப் படிப்பித்து ஓய்ந்தவர். அவர் மனைவி வருஷம் தவறாமல் கேதார கௌரி விரதம் பிடித்தவர்; ஊரில் வீட்டின்மேல் குண்டு விழுந்து அவர் போன அன்றைக்கும் விரதத்தில்தான் இருந்தாராம். அவருக்காக அந்தக் கேதாரத்தை ஒருதரம் பார்த்துவிடவேண்டும் என்று மாஸ்டர் வந்தார்.

சென்னை, டெல்லி என்று மாறி மாறி, கடைசியில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் இறங்குகிற திடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மலைக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. எல்லாரும் மேலே பார்த்தோம். திரும்பினால் மாஸ்டரைக் காணோம். மதில் ஓரமாகக் காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். கணக்கப்பிள்ளை சிரித்தார். ராமாயி மட்டும் போய்ப் பக்கத்தில் குந்தி, தன் கம்பளியில் பாதியை அவர்மேல் இழுத்துவிட்டாள். சத்தம் அடங்கியதும் மாஸ்டர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். “ஹெலி எங்களைத் தேடி வந்ததுதான் எனக்குத் தெரியும், தம்பி. நாங்கள் அதைத் தேடி வந்து நிக்கிறது எனக்கு இன்னும் விளங்கேல்லை.”

கூடின நிறை

திடலில் எங்களை மறுபடி தராசில் ஏற்றி நிறுத்தார்கள். நான் கொடுத்திருந்த கணக்கைவிட நிறை கூடியிருந்தது. ஓர் ஆள் நிற்கவேண்டும் என்றான் தராசுக்காரன். மேலே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. நிற்கிறவர் பிறகு போகமுடியுமா என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினான். மாஸ்டர் சந்தோஷமாகக் கை தூக்கினார்.

கணக்கப்பிள்ளை மாஸ்டரைப் பார்க்கவில்லை. ராமாயி தராசில் ஏறி நின்றபோது முள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய மடுவத்துக் குரலில், “ராமாயி, மடியைத் தட்டு” என்றார். அவளும் பழைய பழக்கத்தில் மடியை அவிழ்த்தாள். ஆற்றுக் கற்கள், உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றாக விழுந்தன. என்னிடம் ஒரு பகிடி தயாராக இருந்தது, விழுங்கிவிட்டேன். அவள் கணக்கப்பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இவ்வளவு தூரம் வந்து அரைப்பேரு போட்டுத் திருப்பிட்டாங்கன்னா, என் புள்ளைக்கு வேற யாருங்க இருக்காங்க?”

திதி

கல்லைக் கொட்டியதும் நாலு பேருக்கும் நிறை சரியாக வந்தது. பாரம் இரண்டு பக்கமும் ஒத்திருக்க, கனத்த ஆளுக்குப் பக்கத்தில் மெலிந்த ஆளை உட்காரவைத்தான் ஓட்டுகிறவன். கணக்கப்பிள்ளை என்னை முறைத்தார். மாஸ்டர் கண்ணைத் திறக்கவேயில்லை.

கேதாரத்தில் குளிர் என்றால் குளிர். என் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் வைத்தால் அது தனியாக நடுங்கியது. அதற்குக் கணக்கப்பிள்ளை சாட்சி, ஆனால் அவர் இப்போது உயிரோடு இல்லை. கோயிலுக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குண்டத்தின் கரையில் ராமாயியின் அரிசியைப் பொங்கி உருட்டிக் கொடுத்தார்கள். அங்கத்திய ஐயர் பெயர் கேட்டார், இறந்த திதி கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான்தான் நடுவில் நின்றேன். ராமாயி யோசித்துச் சொன்னாள்: “கூட்டிக்கிட்டுப் போன நாளு எனக்குத் தெரியும். மத்த நாளைக் கூட்டிக்கிட்டுப் போனவங்ககிட்டக் கேக்கச் சொல்லுங்க, தம்பி.”

நான் அதை ‘அமாவாசை’ என்று மொழிபெயர்த்தேன். பிறகு, அவள் பிண்டத்தைத் தண்ணீரில் விடட்டும் என்று, நாங்கள் மூன்று பேரும் தள்ளிப்போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஈரத்துக்கு

மேலே காற்று மெலிசு என்பதால், இறங்கும்போது நிறுவையில் இன்னும் கெடுபிடி. ராமாயி ஏறினாள். கற்களை இறக்கிய பிறகு இருந்ததைவிட முள் கொஞ்சம் அதிகம் காட்டியது. தராசுக்காரன் முகத்தைச் சுளித்தான். அவள் மடி நனைந்து, புடைத்திருந்தது.

கணக்கப்பிள்ளை கிட்டப் போனார். இந்தத் தடவை தட்டச் சொல்லவில்லை. அவளாகவே மடியை விரித்தாள். பிண்டம், உருட்டியது உருட்டியபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. முக்கியிருக்கிறாள், விடவில்லை. “விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்னு வைங்க. அங்க அவன் வந்து நின்னான்னா, நான் என்னன்னு சொல்றது?”

கணக்கப்பிள்ளை அவள் முந்தானையை இழுத்து மடியை மூடினார். தராசின் கண்ணாடியை விரலால் தட்டி, ஒரு வார்த்தையும் விளங்காத அந்த வடக்கத்தியானிடம் தமிழிலேயே அதிகாரமாகச் சொன்னார்: “அது ஈரம். ஈரத்துக்குக் கழிச்சுட்டு ஏத்துங்க.”

என் பலகையில் போய்வரலாம் என்றுதான் எழுதியிருந்தேன்; பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வரலாம் என்று, இவ்வளவு புளுகிய நானும், யாருக்கும் சொல்லவில்லை.