ரொஸ்னாவின் குதிகாலும் சிவப்புக் குடையும்

ரொஸ்னா கடற்கரை ஊர்களுக்குச் சுவரொட்டி செய்பவள். அந்தக் காலத்துக் கப்பல் கம்பெனிகள் பயணிகளை அழைக்க ஒட்டிய படங்களின் பாணி: மஞ்சள் மணல், நீலக் கடல், சிவப்புக் குடை, கீழே பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர். பிறை என்ற ஊரில் பத்தொன்பது வருடம் தொழிற்சாலையில் இருந்தாள். ஆள் குறைத்தபோது வெளியே வந்து இதைத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் அவளும் அவள் சித்தப்பா மகன் ஸுல்கிஃப்லியும், துணி கட்டிய சட்டத்தின் வழியாகத் தாளில் மையை அழுத்தி அச்சிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு நிறம். ஈர மையில் தூசி ஒட்டும் என்பதால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள்.

ரொஸ்னாவுக்குப் பதினான்கு வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. வெறுங்காலோடு நிற்காதே என்று பலமுறை சொன்னேன். நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். எங்கள் தெருவில் பலருக்குப் புண் கட்டுவது நான்தான். தூசியைப் பற்றித்தான் அவள் கவலைப்பட்டாள்.

பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை ஊரில் திறக்கவிருந்த ஒரு ஹோட்டல் அவளிடம் படங்கள் கேட்டிருந்தது. குடைக்குச் சிவப்பு அச்சிட்ட நாளில் தரையெல்லாம் சிவப்புத் தடம்.

"மையைக் கொட்டிட்டு மிதிச்சுக்கிட்டே திரியிறியா?" என்று ஸுல்கிஃப்லியைத் திட்டினாள்.

"நான் எங்க லா கொட்டினேன்? உன் காலைப் பாரு."

பார்த்தாள். குதிகால் சிவந்திருந்தது. மை என்று நினைத்து, மையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தாள். எரியவில்லை. மறுநாள் நீலம் அச்சிட்டபோதும் குதிகாலில் சிவப்பு. மறுபடியும் தின்னர்.

தாள் வெட்டும் கத்தியின் முனை மழுங்கினால் ஒடித்துப் போடுவார்கள். அப்படி ஒடித்த துண்டு ஒன்று காலுக்குள் போயிருந்தது.

சிவப்பு அச்சிட்டதிலிருந்து பத்தாம் நாள், வியாழக்கிழமை, ஸுல்கிஃப்லி என்னிடம் வந்தான்.

"அக்கா, ரூம்ல செத்த எலி வாடை. அலமாரியெல்லாம் நகர்த்திப் பார்த்துட்டேன், எலியைக் காணோம்."

போய் அவளை உட்கார வைத்துக் காலைத் தூக்கினேன். குதிகாலில் கறுத்த ஓட்டை. சுற்றிலும் சீழ். உள்ளே ஏதோ மின்னியது. நான் தொடவில்லை; அது டாக்டர் வேலை.

"கெரேத்தாவை எடுக்கச் சொல்லு. இப்பவே ஆஸ்பத்திரி" என்றேன். கெரேத்தா என்றது ஸுல்கிஃப்லியின் காரை.

"எல்லாப் படத்துக்கும் கறுப்பு மட்டும்தான் அக்கா பாக்கி. ஊர்ப் பேர் இல்லாம எப்படிக் கொடுக்குறது? திங்கக்கிழமை வந்துடுறேன்."

"அதுக்குள்ள கால் போயிடும்."

"வலிக்கவே இல்லையே!"

"அதுதான் உன் வியாதி. வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்ப."

"எழுத்தை நான் அடிக்கிறேன், நீ போ லா" என்றான் ஸுல்கிஃப்லி.

"நீ அடிச்சா பத்து ஃபெரிங்கி சரிஞ்சு கடல்ல விழுந்துடும்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, ஒரு ரப்பர் செருப்பை மாட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் நின்று அச்சிட்டாள். எழுத்துகள் நேராக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்ச்சலில் மேசையருகே விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வியாழனன்று வந்திருந்தால் குதிகாலோடு முடிந்திருக்கலாம் என்றும் சொன்னார். படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

"இனி மேசை முன்னால எப்படி நிப்பேன், அக்கா?"

"முதல்ல உயிரோட வெளிய வா."

வெட்டிய இடம் ஆறிவிட்டது. படங்கள் ஹோட்டல் வரவேற்பறையில் தொங்குகின்றனவாம். அவள் போய்ப் பார்க்கவில்லை. வாரம் இருமுறை நான் போவது இன்னொரு காலைப் பார்க்க. போன செவ்வாய்க்கிழமை சுண்டுவிரல் ஓரம் சிவந்து, சிறு கொப்புளம். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, அக்கா?"

போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஸுல்கிஃப்லியிடம் கெரேத்தாவைக் கொண்டுவரச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.