அம்மா சீரியஸ்

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு என்னென்ன பொருளோ, எங்கள் சொந்தபந்தத்தில் ஒன்றுதான். 'சீரியஸ்' என்றால் உயிர் போயாயிற்று. வெளியூரில் இருப்பவனிடம் சாவைப் போனில் சொல்லக் கூடாது, வழியில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு வழக்கம். அப்பா இறந்தபோது சென்னையிலிருந்த அண்ணனுக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். இங்கே விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வாசலில் பந்தல் போட்ட பிறகும் அவனுக்கு அப்பா சீரியஸ்தான்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பெரியவனை ஒரு தடவை பார்க்க வேண்டும். காலையிலேயே போன் போட்டேன். வேறு சொல் வாயில் வரவில்லை, அம்மா சீரியஸ் என்றேன். அண்ணன் அழ ஆரம்பித்தான். சொன்ன சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடுதான் இருக்கிறாள், உன்னைத்தான் கேட்கிறாள், அவளிடம் கொடுக்கவா என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும்லே. நீ தைரியமா இரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டான்.

திரும்பத் திரும்ப அடித்தேன். லைன் பிசி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பொறுப்பான பிள்ளை. அந்தப் பொறுப்பில் இடி விழ.

மதியம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் இரண்டு பேர் ஐஸ் பெட்டியை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டிலில் அம்மா விழித்துத்தான் கிடந்தாள். "அண்ணாச்சி, பாடி எங்கன இருக்கு?" என்று அவள் எதிரிலேயே கேட்டான் ஒருவன்.

யார் வரச் சொன்னது என்று அம்மா கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. அண்ணன் என்றேன்.

"அப்ப அவன் அவசரப்படாம பையத்தான் வருவான்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் ஒருவழியாக லைன் கிடைத்தது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள் என்றேன். சரி சரி, ராத்திரி பஸ்சுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றான். அம்மா காதில் போனை வைக்கப் போனேன், அவள் கையால் தள்ளிவிட்டாள். அதன்பின் பெரியவனைக் கேட்கவே இல்லை. கொடுத்த பாலையும் வாங்கவில்லை. விடியும்போது போய்விட்டாள். அதே பெட்டியை மறுபடி வரச் சொன்னேன்.

பஸ்சில் நன்றாகத் தூங்கிய முகத்தோடு அண்ணன் வந்து இறங்கினான். பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடித்து என்னைத் தனியே கூப்பிட்டு, பெட்டி நேரத்துக்கு வந்ததா என்று கேட்டான்.

"நேத்தே வந்துட்டு" என்றேன். "அம்மா பாத்தா."