துணி போட்டு மூடிய காவடி

காய்ந்த மரத்தை யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுவது போன்ற அந்தச் சத்தம், மதிய வெயிலில் எங்கள் கொட்டகையின் கூரைத் தகரம் படபடவென்று வெடித்து ஓயும் இடைவெளிகளில் கேட்கும். திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் அம்மா காவடிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகை முடிந்ததும் காவடிகள் உத்தரத்தில் ஏறிவிடும். அடுத்த ஆடி வரை அவற்றின் கீழேதான் சமைத்தோம், தூங்கினோம், மழை பெய்தால் ஒழுகாத மூலைக்கு நகர்ந்தோம். நைனா கல் குவாரி வேலைக்கென்று ஆந்திராப் பக்கம் போனவர், எப்போதாவது வருவார்.

சுரண்டியது ஒரு குளவி. ஒடிசலான, பழுப்பும் மஞ்சளுமான குளவி. இருப்பதிலேயே நல்ல காவடியின் தண்டில் உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்துகொண்டே மரநாரை உரித்து, எச்சிலோடு மென்று கூழாக்கி, அதே காவடியின் வளைவுக்கு அடியில் கொண்டுபோய் ஒட்டியது. முதலில் ஒரு காம்பு; காம்பின் நுனியில் கவிழ்த்த கிண்ணம் போல ஓர் அறை; அதன் சுவரையே பங்குபோட்டுக்கொண்டு அடுத்த அறை. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு முட்டை. முந்தைய ஆடிக்கு ஒட்டிய ரோஸ் காகிதம் தண்டில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதையும் சுரண்டியிருக்க வேண்டும், சாம்பல் நிறக் கூட்டில் மெல்லிய ரோஸ் வளையம் ஒன்று ஓடியது.

அந்த வைகாசியில்தான் அக்கா ஆர்.கே.பேட்டையிலிருந்து பிரசவத்துக்கு வந்தாள். அதற்கு முன் இரண்டு முறை அவளுக்குத் தங்கவில்லை. மூன்றாவதும் நிற்காவிட்டால் மாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது எட்டாவதைத் தாண்டாத எனக்கே தெரிந்திருந்தது. படுக்கப் பாய் விரித்தவள் அண்ணாந்து கூட்டைப் பார்த்தாள். அம்மா புகை போட்டு ஓட்டிவிடலாம் என்று தேங்காய் நார் எடுத்து வைத்திருந்தாள்.

"கலைக்காதம்மா. புள்ளத்தாச்சி கீற வூட்ல கொளவிக் கூட்டக் கலைக்கக் கூடாது."

"அது மண்ணுல கட்ற கொளவிக்கிடி. இது காயிதக் கூடு. இதுக்கு அந்த சாஸ்திரம் கெடையாது."

"கொளவி கொளவிதாம்மா."

அம்மா நாரை அடுப்படியில் போட்டாள். அதன் பிறகு அக்காவுக்குப் பொழுதே அந்தக் கூடுதான். தாய்க்குளவி பச்சைப்புழுவைப் பிடித்து மென்று உருண்டையாக்கி எடுத்துவரும். தலைகீழாகத் தொங்கும் குஞ்சுப் புழுக்கள் அறை வாயில் முகத்தை நீட்டும். ஒவ்வொன்றுக்கும் கிள்ளிக் கிள்ளி ஊட்டும். வளர்ந்த புழு தன் அறையைத் தானே வெள்ளை மூடி போட்டு அடைத்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் மூடியைக் கடித்துக்கொண்டு குளவியாக வெளியே வரும். வந்த மகள்கள் பறந்து போய்விடவில்லை. மரம் சுரண்டவும் புழு தேடவும் அவை கிளம்ப, தாய் கூட்டிலேயே தங்கி முட்டையிட்டது. "பாருடி, பொண்ணுங்க எப்டி கூடமாட இருந்து செய்யுதுங்க, நீயும் கீறியே" என்று அம்மா என் தலையில் குட்டுவாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு பகல், அக்கா உள்ளே ஓலைத் தட்டி மறைவில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கறுத்த உடம்பில் ஒரு மஞ்சள் பட்டை போட்ட கதண்டு ஒன்று வந்தது. எங்கள் குளவிகளைவிடப் பல மடங்கு பெரிது. குளவிகள் எதிர்க்கவில்லை, கூட்டை விட்டு விலகி உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. கதண்டு மூடிகளைக் கிழித்து வெள்ளைப் புழுக்களை இழுத்துக்கொண்டு போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. அம்மா முறத்தால் விரட்டினாள். அது முறத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் கூட்டில் ஒன்றுமில்லை.

அம்மா தன் பழைய புடவை ஒன்றை எடுத்து, கூடும் காவடியும் சேர மூடிக் கட்டினாள். "அக்காகிட்ட வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்." அக்கா எழுந்து வந்து கேட்டதற்கு, "தூசி அடையுதுடி. கொளவி போக வர வழி உட்டுத்தான் கட்டிகீறேன்" என்றாள். அக்கா சரியென்று காப்பி கேட்டாள்.

கிருத்திகைக்கு ஊரே மஞ்சள் துணியும் அரோகராவுமாக நிரம்பியது. வருடா வருடம் அந்தக் காவடியையே கேட்டு வாங்கும் நகரி ஊர்க்காரர் வந்து, அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்க்கா, என் காவடிக்கு இன்னாத்துக்குப் பொடவ கட்டிகீறே? கல்யாணமா?"

"அதுல குடித்தனம் வந்துகீது தம்பி. குஞ்சும் குளுவானுமா கீதுங்க. இந்த வருசம் எறக்க மாட்டேன்." உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கட்டும் என்று அம்மா குரலை உயர்த்தியே சொன்னாள்.

"வாடக ஒயுங்கா குடுக்கறாங்களா?"

"உன்ன மாரி கடசி நேரத்துல வந்து பேரம் பேசறதில்ல."

அவர் சிரித்துக்கொண்டே வேறு காவடியை எடுத்துப் போனார். அம்மா சிரிக்கவில்லை.

ஆவணியில் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தவுடன், "இப்பயாச்சும் அந்தப் பொடவய அவுரும்மா" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், நான் சொல்லவில்லை என்று.

"அவளப் பாக்காத. அன்னிக்கி நான் தூங்கல. மொறத்த எடுத்துகினு நீ குதிச்சத எல்லாம் பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நீ பயந்துக்குவேன்னுதான்."

அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். புடவையை நான் அவிழ்த்தேன். கிழிந்த கூடு ரோஸ் வளையத்தோடு அப்படியே தொங்கிற்று. நான்கு முழம் தள்ளி, உத்தரத்தின் இருட்டு மூலையில், ஒரு காம்பும் இரண்டு அறைகளுமாகப் புதுக் கூடு தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கால் ஓரிடத்தில் நிற்காத பிறவி. திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் கல் சுமந்தேன், கல்யாண சமையல்காரர்களோடு ஊர் ஊராகப் பாத்திரம் கழுவினேன். எங்கிருந்து போன் செய்தாலும் அம்மா, "இங்க எல்லாம் நல்லாத்தான் கீது, நீ பாத்து இரு" என்பாள். காய்ச்சலில் கிடந்தபோதும் நானும் அதையேதான் சொன்னேன். அவள் எவ்வளவை மூடி வைத்துப் பேசினாள் என்று எனக்குத் தெரியும். என்னுடையது அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் பேசியே ஒருநாள் அவள் போய்விட்டாள்.

இந்த ஆடிக்கு முன்னால் அக்கா போனில், "எல்லாம் நல்லாத்தான் கீது" என்றாள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவள் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய்க் காப்பி போட்டாள். அம்மாவுக்குப் பிறகு அவள்தான் காவடி வாடகைக்கு விடுகிறாள்; கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் பூசிய கடை. காவடியெல்லாம் அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் பூ. மதியம் அவற்றின் கீழே பாய் விரித்து, இரண்டு பேரும் அண்ணாந்து படுத்திருந்தோம். சுரண்டுவதற்கு அங்கே ஒரு துண்டு மரம் இல்லை. "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். அக்கா குழாய்களைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள்.